கத்தியைக் கையில் கொடுக்காத டாக்டர்

லிஃப்ட் நடுவழியில் நின்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தமெல்லாம் காணாமல் போய், கட்டின புருஷனின் இடது கை மொட்டையாகி, இத்தனையும் ஒரே ஒரு மனிதரால் நடக்குமா என்று கேட்டால், நடக்கும். ஆஸ்டின் டவுனில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நடந்தது. அந்த மனிதருக்கு ஆதார் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். எங்களுக்கு அவர் தீப்பொறி டாக்டர். இந்த பெங்களூரில் மனுஷியின் பொறுமையைச் சோதிக்க டிராஃபிக் இருக்கிறது, வராத தண்ணீர் லாரி இருக்கிறது, பக்கத்து மனையில் ஓயாமல் போர்வெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனையையும் ஒரு தட்டில் வைத்து இவரை மறு தட்டில் உட்காரவைத்தால், இவர் தட்டுதான் தரையைத் தொடும்.

தொழில், பல் டாக்டர். பிரேசர் டவுனில் கிளினிக். பகலெல்லாம் ஜனங்களின் பல்லை ராவிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இரும்பை ராவ உட்கார்ந்துவிடுவார். கத்தி செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் ரோஜா வளர்ப்பார்கள், மீன் தொட்டி வைப்பார்கள், இவர் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடித்த லாரி ஸ்பிரிங் பட்டையைப் பேரம் பேசி வாங்கி, நியூஸ்பேப்பரில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார். எங்கள் பில்டிங்கில் ஒருவர்கூட அவரிடம் பல் காட்டப் போனதில்லை. சாயங்காலம் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தவர்களுக்குக் காலையில் அவர் முன்னால் வாயைத் திறக்கத் தைரியம் வராது.

நான் கணக்கு டீச்சர். போதாக்குறைக்கு அபார்ட்மென்ட் சங்கத்தின் செகரட்டரி. ஒரு மீட்டிங்குக்கு நான் போகாத சமயம் பார்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் டாக்டர் மேல் வரும் புகார் எல்லாம் நேராக என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அழுத்தும். நானும் அவரைக் கண்டித்து நோட்டீஸ் எழுதி, கீழே நோட்டீஸ் போர்டின் மரச்சட்டத்தில் குண்டூசியால் குத்திவிட்டு வருவேன்.

வினை ஆரம்பித்தது கார் நிறுத்தும் இடத்தில். டாக்டர் தன் காரைத் தெருவில் அனாதையாக விட்டுவிட்டு, தனக்கு ஒதுக்கியிருந்த பார்க்கிங் இடத்தைப் பட்டறை ஆக்கிவிட்டார். வாஷிங் மெஷினைப் பிரித்து மோட்டாரைக் கழற்றி, அதில் உப்புத்தாள் பெல்ட் ஒன்றை மாட்டினார். பட்டன் தட்டினால் பெல்ட் சுற்றும், அதில் இரும்பை வைத்தால் தீப்பொறி ஆள் உயரத்துக்குப் பறக்கும். பக்கத்தில் சின்னதாக ஒரு கேஸ் உலை. அவருடைய மனைவி, ஆனேக்கல் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவர், திரும்பி வரவே இல்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே வாஷிங் மெஷின் இருக்கிறது, சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெல்ட் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் வீட்டு லைட் மங்கும். ஃபேன் யோசிக்கும். ஒரு சாயங்காலம் ஒரு கையில் பரீட்சைப் பேப்பர் கட்டு, மறு கையில் கீரையோடு லிஃப்ட்டில் ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் முனகிவிட்டு நின்றது. கீழேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ராவுகிற சத்தம். புரிந்துவிட்டது.

"டாக்டர்! மெஷினை ஆஃப் பண்ணுங்க! நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்!"

"ஒரே நிமிஷம் டீச்சரம்மா! முனை வரைக்கும் வந்துட்டேன். இப்ப எடுத்தா கோடு விழுந்துடும்!"

"டாக்டர், நான் உள்ள இருக்கேன்!"

"தெரியுது, குரல் கேக்குது. உக்காருங்களேன் அது வரைக்கும்!"

லிஃப்ட்டில் எங்கே உட்காருவது, கீரைக்கட்டு மேலயா? ஒரு வழியாக வெளியே வந்து, படபடவென்று கீழே இறங்கினேன். வாய் நிறையத் திட்டு தயாராக இருந்தது. அவரோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த இரும்பை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்குத்தான் புரியும். ரெண்டு பக்கமும் ஒரே சாய்வு வந்திருக்குதா, பாருங்க" என்றார். நானும் வெட்கமில்லாமல் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோணம்தான், இம்மி பிசகவில்லை. அதில் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

காந்தக் கதை தனி. இரும்பு உலையில் செக்கச்செவேல் என்று காயும்போது ஒரு கட்டத்தில் அதில் காந்தம் ஒட்டாதாம். ஒட்டாத அந்தச் சமயத்தில் எடுத்து, சுடவைத்த கடலை எண்ணெயில் முக்கினால்தான் கத்தி கெட்டிப்படுமாம். சரி, நல்லது, முக்கிக்கொள்ளட்டும். ஆனால் சூடு பட்டுப் பட்டு காந்தம் செத்துப்போகும். புதிது வாங்க இவருக்குச் சோம்பல். யார் வீட்டுக்கு வந்தாலும் ஃபிரிட்ஜ் பக்கமாகவே நின்று பேசுவார். அவர் போனதும் பார்த்தால் கரண்டு பில் கீழே விழுந்து கிடக்கும், அதைப் பிடித்திருந்த காந்தம் இருக்காது. எங்கள் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படம் போட்ட காந்தம் ஒன்று இருந்தது. அதையும் கொண்டுபோய்விட்டார். நான் கீழே போய்ப் பார்க்கும்போது குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்! அது மாதா!"

"அதான் டீச்சரம்மா, மத்தது எல்லாம் ஏமாத்துது. மாதா மட்டும் கரெக்ட்டா சொல்றாங்க."

பாதி கருகிய மாதாவை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

காய்ந்த கடலை எண்ணெயின் மணம் பில்டிங் முழுக்கப் பரவும். மழைக்காலச் சாயங்காலத்தில் அந்த மணத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், புதிதாக வெள்ளைக் கார் வாங்கியவர், ஒருநாள் சிரித்த முகமாகத் தட்டோடு கீழே இறங்கி வந்தார். பஜ்ஜி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். எட்டிப் பார்த்தால் சட்டிக்குள் ஒரு இரும்புத் துண்டு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே படியேறிப் போய்விட்டார். பகைக்கு விதை அன்றைக்குத்தான் விழுந்தது.

எண்ணெயில் முக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முக்கியெடுத்த இரும்பு கண்ணாடி மாதிரி இருக்குமாம். உடனே ஓவனில் மிதமான சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தாவிட்டால் சும்மா கிடக்கும்போதே விரிசல் விட்டு உடைந்துவிடுமாம். பில்டிங்கில் பெரிய ஓவன் யாரிடம் இருக்கிறது? என்னிடம்தான். வேகவேகமாக வருவார், எண்ணெய் சொட்டச் சொட்ட. கிறிஸ்துமஸ் கேக் வேகும்போதும் வருவார். "ஓரமா வெச்சுக்கறேன், கேக்கைத் தொந்தரவு பண்ணாது" என்பார். பிறகு என் சமையலறையில் எனக்கே சட்டம். "கதவைத் திறக்காதீங்க டீச்சரம்மா! சூடு இறங்கிடும்!" இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவருக்கு வைக்கோல் நிறம் வந்த அன்றைக்கு எனக்குக் கேக் கரி நிறத்துக்கு வந்திருந்தது.

கூர் பார்க்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது. கையிலிருக்கும் ரோமத்தை வழித்துப் பார்ப்பார். நுரை, தண்ணீர் எதுவும் இல்லாமல் சரக்கென்று வழித்துக்கொண்டு வந்தால் கத்தி பாஸ். அவருடைய இரண்டு கையும் எப்போதோ காலி. அடுத்து வாட்ச்மேன் மஞ்சண்ணா. மஞ்சண்ணாவின் கையும் தீர்ந்ததும் அவன் டாக்டரைக் கண்டாலே முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர். "பேடா சார், பேடா!" என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடுவான்.

கடைசியில் மாட்டியது என் வீட்டுக்காரர். பெயர் சேவியர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜன்மம். பால் வாங்கப் போனவர் திரும்பி வரும்போது இடது கை முழங்கை வரை பளபளவென்று இருந்தது.

"என்னங்க இது?"

"டாக்டர் கொஞ்சம் கையைக் குடுங்கன்னாரு."

"குடுத்துட்டீங்களா?"

"நல்லாத்தான் வழிக்குது" என்றார், தடவிப் பார்த்துக்கொண்டே. அரைக்கைச் சட்டையில் ஆபீஸுக்கு வேறு போனார். ஒரு கை கரடி, ஒரு கை குழந்தை. பக்கத்து மேசைக்காரர் ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாராம்.

இப்படி ஊரையே படுத்திச் செய்த கத்திகளை விற்பாரா என்றால் மாட்டார். இனாமாகக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு முதல் கத்தியைக் கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் கையை நீட்டினேன். அவர் சட்டென்று பின்வாங்கினார். கத்தியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "எடுத்துக்கோங்க" என்றார்.

"ஏன் டாக்டர், கையில குடுக்க மாட்டீங்களா?"

"கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும் டீச்சரம்மா. எங்கம்மா சொல்லியிருக்காங்க. நான் யாருக்கும் கையில குடுத்ததில்ல."

"பல் டாக்டருக்குப் படிச்சவரு பேசற பேச்சா இது? சரி, இப்ப மட்டும் நாம என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?"

"இது சாதாரண சண்டை. அது நிக்காத சண்டை. ஒரு தடவை வந்துட்டா ஆயுசுக்கும் விடாதாம்" என்றார், ரொம்ப சீரியஸாக.

கத்தி என்னவோ அருமைதான், மறுக்கவில்லை. தக்காளி தன்னை வெட்டியது தெரியாமல் நின்றது. ஆனால் அது கல்யாணம் செய்து கொடுத்த பெண் மாதிரி. அப்பா அடிக்கடி பார்க்க வருவார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நேராகச் சமையலறைக்குப் போவார். கழுவி உடனே துடைத்தோமா, எண்ணெய் தடவினோமா, சிங்க்கில் ஊறப்போட்டோமா என்று விசாரணை நடக்கும். ஒருநாள் அவசரத்தில் ஸ்டீல் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டீல் தட்டு மேலயா! டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க!"

"வெங்காயம்தான் டாக்டர் வெட்டினேன், ஆளை இல்ல!"

"ஆளை வெட்டியிருந்தாக்கூட கூர் மழுங்கியிருக்காது" என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாய்வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்து, புதுக் கூர் பிடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு மரப்பலகை. என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இதெல்லாம் வீட்டுச் சண்டை. தெருவுக்கு வந்தது காரால்தான். மூன்றாவது மாடிக்காரரின் வெள்ளைக் கார், டாக்டரின் பட்டறைக்குப் பக்கத்து இடத்தில் நிற்கும். பறக்கிற பொறி அணைந்து இரும்புத்தூளாகி அதன்மேல் படியும். யாருக்கும் தெரியவில்லை. மழை பெய்தது. மறுநாள் பார்த்தால் காருக்கு அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் துருப்புள்ளி. கார்க்காரர் போட்ட சத்தத்தில் மஞ்சண்ணா, "மேடம், பெங்கி! பெங்கி!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் பாஷையில் நெருப்பு. டாக்டர் இடத்தில் யாராவது கத்தினால் வேறு என்னவாக இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

டாக்டர் காருக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அது போதாது, பட்டறையே இருக்கக் கூடாது என்று மூன்றாவது மாடிக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். மொட்டை மாடியில் மீட்டிங் கூட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், நானும் அந்த மெஷினுக்கு முடிவு கட்டிவிடத்தான் போனேன். லிஃப்ட், மாதா, கேக், சேவியரின் கை எல்லாம் வரிசையாக மனசில் இருந்தது. டாக்டர் கடைசி நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு பார்க்கிங் இடம் போனால் அவருக்குச் சாயங்காலமே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது மாடிக்காரர் எழுந்தார். "இவன் கத்தி பண்றான். கத்தி! இன்னைக்கு இரும்பை ராவறான், நாளைக்கு யாரைக் குத்துவானோ? நான் போலீஸுக்குப் போறேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. காபி டம்ளரை டங்கென்று வைத்தேன்.

"யாரைப் பாத்து அவன் இவன்ங்கறீங்க? எறும்பு ஓரமா போனாகூட மெஷினை நிறுத்தற மனுஷன். யாரைக் குத்துவாரு அவரு? உங்க வீட்டுல மீன் வெட்டறது எந்தக் கத்தியில? போய் எடுத்துட்டு வாங்க பாப்போம்!"

அவர் வீட்டுக்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அந்த வீட்டுக்கும் ஒன்று கொடுத்திருந்தார், பஜ்ஜி ஏமாற்றத்துக்குப் பரிகாரமாக. எறும்புக்கு மெஷினை நிறுத்தியவர் எனக்காக ஏன் நிறுத்தவில்லை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சமரசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை. சுற்றிலும் கனமான துணி கட்ட வேண்டும். பட்டறை பிழைத்தது. ஆனால் ஆறு மணிக்கு மேல் வேலை நடந்தால் அன்றோடு சரி, மெஷினைத் தூக்கிவிட வேண்டும் என்று மூன்றாவது மாடிக்காரர் எழுதிவாங்கப் பார்த்தார். நான், "எழுத்தெல்லாம் வேணாம், நான் ஜவாப்தாரி" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் எழுந்து, "டீச்சரம்மா சொன்னா சரி" என்றார்.

அந்த வருஷம் எங்களுக்குக் கல்யாண வெள்ளிவிழா. மாதா கோவிலில் பூசை, பிறகு ஹாலில் கேக். டாக்டர் காதுக்கு விஷயம் எட்டியதும் ஓடிவந்தார்.

"கேக்கை எதுல வெட்டப் போறீங்க?"

"பேக்கரில ரிப்பன் கட்டின பிளாஸ்டிக் கத்தி குடுப்பாங்க டாக்டர்."

"பிளாஸ்டிக்கா! நான் உயிரோட இருக்கும்போதா!"

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நீளமாக, மெல்லிசாக, நாணல் மாதிரி ஒரு கத்தி. நானே ரகசியமாக மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். விழாவுக்கு முந்தைய ஞாயிறு உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டிய நாள். கடலை எண்ணெய் மணம் வந்தது. நான் ஓவனைத் தயாராகச் சூடேற்றி வைத்துக் காத்திருந்தேன். ஆறு அடித்தது. பெல் அடிக்கவில்லை. சரி, எண்ணெயைக் காய்ச்சியதோடு நேரம் முடிந்துவிட்டது, கத்தியை முக்கவில்லை போல என்று ஓவனை அணைத்துவிட்டேன்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது பார்த்தேன். பட்டறையில் மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கத்தி, இரண்டு துண்டாக.

"என்ன டாக்டர் இது!"

"விரிஞ்சிடுச்சு டீச்சரம்மா. டிங்னு ஒரு சத்தம்தான் கேட்டுது."

"ஓவன்ல வெக்கலையா?"

"முக்கி எடுத்தேன், மணி ஆறு ஆயிடுச்சு."

"ஆனா என்ன?"

"ஆறுக்கு மேல வேலை பண்ணக் கூடாதே."

"ஐயோ டாக்டர்!" கத்தினேன், தெருவில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆறு மணின்னு சொன்னது மெஷினுக்கு! சத்தத்துக்கு! ஓவன் என்ன சத்தம் போடுது? அது என் ஓவன், என் வீடு, நான் சூடு பண்ணி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்! மேல வந்தா என்ன?"

"அதுவும் வேலைதானே" என்றார். "அந்தாளு மூணாவது மாடியிலிருந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் கத்தியை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தா, நாளைக்கு உங்களைத்தான் கேப்பாரு. நீங்க எனக்காக ஜவாப்தாரின்னு சொல்லியிருக்கீங்க. கத்தி போனா இன்னொண்ணு பண்ணிக்கலாம்."

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. "உங்களுக்கு மூளைங்கறது இருக்கா, இல்ல அதையும் ராவிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வெள்ளிவிழாவில் ரிப்பன் கட்டின பிளாஸ்டிக் கத்திதான். முன்வரிசையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நானும் சேவியரும் அதைக் கேக்கில் வைத்து அழுத்தியபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதை போட்டோவில் இன்றும் பார்க்கலாம். எல்லோரும் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இரும்புக்கு மணி பாக்கத் தெரியாது டீச்சரம்மா. பொண்ணு வீட்டுக்குப் பின்னால பழைய மாட்டுக் கொட்டகை ஒண்ணு சும்மா கிடக்குது. வீட்டுலேர்ந்து தூரம், சத்தம் கேக்காது. அவளும் வந்துடுங்கங்கறா. கிளினிக்குக்கு வாரத்துல பாதி நாள் வந்தா போதும்."

"போங்க, தாராளமா போங்க. எங்களுக்கு நிம்மதி" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். இருங்கள் என்றால் இருந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்குள் இன்னும் எத்தனை கத்தியை உடைத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம்.

டெம்போ வந்தது. மோட்டார், உலை, லாரிப் பட்டைகள் எல்லாம் ஏறின. மஞ்சண்ணா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, மறுபடி முடி முளைத்த கையை ஆட்டி ஆட்டி டெம்போக்காரருக்கு வழி சொன்னான். மூன்றாவது மாடிக்காரர்கூட இறங்கி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர் சார், அந்த மீன் கத்திக்கு இனிமே கூர் யாரு புடிச்சுத் தருவாங்க?" என்று கேட்டார். எனக்கு அவரை டெம்போவில் ஏற்றி அனுப்பலாமா என்று இருந்தது. டாக்டர் கோபிக்கவே இல்லை. "கிளினிக்குக்குக் கொண்டாங்க, பல்லையும் பாத்துடறேன்" என்றார்.

எல்லாம் ஏற்றியான பிறகு, என் பக்கம் வந்து ஒரு துணிச்சுருளைப் பிரித்தார். உள்ளே நீளமாக, மெல்லிசாக, நாணல் மாதிரி அதே கத்தி. உடைந்ததுக்குப் பதிலாக, மகள் வீட்டு ஓவனில் பக்குவப்படுத்திச் செய்திருக்கிறார். பிடி தேக்கு. எங்கேயோ பார்த்த மரமாக இருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தேன். பிடி முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பித்தளை மின்னியது.

"நம்ம பழைய நோட்டீஸ் போர்டு ஃபிரேம். ஸ்டோர் ரூம்ல கிடந்துது" என்றார். "நீங்க என்னைப் பத்தி நோட்டீஸ் போட்டுக் குத்தின குண்டூசி ஓட்டை எல்லாம் அப்படியே இருந்துது. பித்தளைக் கம்பி வெச்சு அடைச்சிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அந்த நேரத்திலும் எனக்குப் பழக்கம் விடவில்லை. மஞ்சண்ணாவின் ஸ்டூலை இழுத்து முன்னால் போட்டேன். "இது மேல வைங்க டாக்டர், எடுத்துக்கறேன்."

அவர் வைக்கவில்லை. பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"கையிலயே வாங்கிக்கோங்க டீச்சரம்மா."

"சண்டை வருமே? நிக்காத சண்டைன்னீங்களே?"

"வரணும். அங்க போனா என்னை யாரு இருக்காங்க திட்ட?"

"ஏன், உங்க வீட்டம்மா இல்லையா?"

"அவ திட்டறது வேற கணக்கு. கத்தி விஷயத்துல உங்களை மாதிரி திட்டறதுக்கு ஆளில்ல."

ஊருக்கெல்லாம் மேசைமேல் வைத்தவர், அம்மா பேச்சைத் தட்டாதவர், இந்தக் கிழ வயசில் எனக்காகத் தட்டுகிறார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். டெம்போ திருப்பத்தில் மறையும்வரை கத்தியோடு வாசலிலேயே நின்றேன். லிஃப்ட் ஒரு தடங்கலும் இல்லாமல் என்னை நேராக மேலே கொண்டுபோய் விட்டது. அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டது.

டாக்டரின் அம்மா சொன்னது பொய்யில்லை. சண்டை நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆனால் போன் வரும். துடைத்தீர்களா, எண்ணெய் தடவினீர்களா, அதில் பார்சல் பிரித்தீர்களா என்று ஆரம்பிப்பார். நான் எகிறுவேன், அவரும் எகிறுவார், சேவியர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்பார்.

இன்று ஞாயிறு. மணி ஆறு தாண்டிவிட்டது, போன் இன்னும் வரவில்லை. உலையில் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். பரவாயில்லை, நானே கூப்பிடுகிறேன். ஸ்டீல் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வைத்துத்தான் வெங்காயம் வெட்டுகிறேன் என்று சொல்லப்போகிறேன்.